செங்குட்டுவனும் தேக்கடிப் படகும்

போடியிலிருந்து தேக்கடிக்கு ஒரு நாள் டூர் என்றால் அதன் வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். விடியற்காலையில் பஸ் கிளம்பும். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அங்கிருந்து ஏரி, படகுக்கு ஒரு வரிசை, டிக்கெட்டுக்கு ஒரு வரிசை. தண்ணீரில் ஒன்றரை மணி நேரம். தூரத்துக் கரையில் கறுப்பாக நாலு புள்ளி தெரிந்தால் அது யானை. தெரியாவிட்டால் "போன தடவை வந்தப்போ நிறைய நின்னுச்சு" என்று சொல்ல எல்லாப் படகிலும் ஒருவர் இருப்பார். பிறகு கடைத்தெருவில் ஏலக்காய், நேந்திரம் சிப்ஸ், சாக்லேட். (போடியில் ஏலம் போன காயைக் குமுளிக்குப் போய் வாங்கி வருவது போடிக்காரர்களுக்கே உரிய சாமர்த்தியம்!) இருட்டியதும் ஒரு மணி நேரம் கதகளி, இன்னொரு டிக்கெட் எடுத்தால் ஒரு மணி நேரம் களரி. இரவு பஸ்ஸில் தூக்கம்.

நல்ல டூர்தான். யாரும் ஏமாற்றவில்லை, கொடுத்த காசுக்குப் பார்க்கவும் கிடைக்கிறது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை அந்த மலையிலேயே சுற்றியவருக்கு அந்த மலையில் யார் வாழ்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமலே போகிறது. மேடையில் பார்த்தது அந்த மலையின் கலை என்று வேறு நினைத்துக்கொண்டு இறங்குகிறார். இந்த மாலை நேரக் கலை நிகழ்ச்சிகளில் இருக்கிற கோளாறு இதுதான்.

இது தேக்கடிக்கு மட்டும் உள்ள கோளாறும் இல்லை. இஸ்தான்புல் நகரத்தில் பாஸ்பரஸ் நீரிணையில் மாலையானால் விளக்குப் போட்ட கப்பல்கள் கிளம்பும். ஒரு பக்கம் ஐரோப்பா, மறு பக்கம் ஆசியா, நடுவில் சாப்பாட்டு மேஜை. சாப்பிடச் சாப்பிட "துருக்கிய இரவு" என்று ஒரு நிகழ்ச்சி நடக்கும். ஏஜியன் கடற்கரைப் பக்கத்து வீர நடனம் கொஞ்சம், கருங்கடல் பக்கத்து ஆட்டம் கொஞ்சம், இடுப்பை வெட்டி ஆடும் பெல்லி டான்ஸ் நிறைய. பல கப்பல்களில் நடுவே ஐந்து நிமிடம், வெள்ளைப் பாவாடை விரிய ஒருவர் சுழன்று சுழன்று ஆடிவிட்டுப் போவார்.

அந்தச் சுழற்சிக்குப் பேர் ஸெமா. 13ஆம் நூற்றாண்டில் கொன்யா நகரில் வாழ்ந்த கவிஞர் ரூமியின் வழிவந்த மெவ்லெவி சூஃபிகளின் வழிபாடு அது. தலையில் இருக்கும் உயரமான தொப்பி கல்லறைக் கல், வெள்ளை உடை சவத்துணி என்று அவர்களுக்குள் அர்த்தம் உண்டு. 1925இல் துருக்கி அரசு சூஃபி மடங்களையெல்லாம் சட்டம் போட்டு மூடியது. 1950களில் ஸெமா கொன்யாவில் மறுபடி பொதுவில் நடக்க வழி கிடைத்தபோது, அது ஒரு கலாசார நிகழ்ச்சியாகத்தான் வந்தது. 2008இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த கையோடு, சுற்றுலாக்காரர்களுக்காக இந்தச் சடங்கு சுருக்கப்பட்டும் எளிமையாக்கப்பட்டும் வருகிறது என்ற கவலையையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறது. சவத்துணி போர்த்திக்கொண்டு செய்யும் பிரார்த்தனை, ஐஸ்கிரீமுக்கும் பெல்லி டான்ஸுக்கும் நடுவே வந்து நிற்கிறது.

குமுளிக் கதகளிக்கு வருவோம். கதகளி இரவு முழுக்க ஆடுகிற ஆட்டம். சாயங்காலம் செண்டை கொட்டி ஊருக்குச் சொல்வார்கள், அதுதான் கேளி. விளக்கு ஏற்றிய பிறகு தோடயம், புறப்பாடு, மேளப்பதம் என்று ஒவ்வொன்றாக ஏறி, கதை தொடங்கி, விடிகாலையில்தான் முடியும். முகத்தில் சுட்டி குத்துவதற்கே மணிக்கணக்கில் ஆகும். 24 அடிப்படை முத்திரைகள் கையில், ஒன்பது ரசமும் கண்ணில். குமுளியில் இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் வரவேண்டும். முதலில் "இது கோபம், இது அருவருப்பு, இது தாமரை, இது வண்டு" என்று விளக்கிக் காட்டுவார்கள். பிறகு ஒரு கதையிலிருந்து ஒரு துண்டு ஆடுவார்கள். சில இடங்களில் முன்கூட்டியே வந்தால் ஒப்பனை போடுவதையும் பார்க்கலாம். பார்க்க வேண்டியதும் அதுதான். ஆட்டத்தை விட அந்த ஒப்பனையில்தான் பொறுமை தெரிகிறது.

"ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்களே" என்று அழுவது சுலபம். அந்த அழுகையில் பாதி பொய். ராத்திரி முழுக்கக் கதகளி பார்க்க இங்கே எத்தனை பேர் தயார்? சுருக்கி ஆடுகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு கலைஞருக்கு மாதம் முழுக்க அடுப்பு எரிகிறது. கோயில் திருவிழா சீசன் முடிந்த பிறகும் சம்பளம் வருகிறது. முதன்முதலாகக் கதகளியைக் குமுளியில் பார்த்துவிட்டு, பிறகு தேடிப் போய் முழுசாகப் பார்த்தவர்களும் இருப்பார்கள். ஆகவே சுருக்கியதில் பெரிய தப்பு இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கதகளி பிறந்தது கொட்டாரக்கரை அரண்மனையிலும் மலபாரின் இல்லங்களிலும். களரிப்பயிற்றின் பேர் சொல்லும் மண் வடக்கு மலபார். இரண்டும் கேரளத்தின் பெருமை, சந்தேகமே இல்லை. ஆனால் ஏலமலையின் கலை என்று இரண்டையும் சொல்ல முடியாது. ஆலப்புழையிலும் கொச்சியிலும் எந்தக் கதகளி டூரிஸ்டுக்குக் காட்டப்படுகிறதோ, அதேதான் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இந்த மலை மேலும் காட்டப்படுகிறது. கப்பலில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பரிமாறுகிறார்கள் என்றால் அதிலாவது ஒரு நியாயம் உண்டு, அது தலைநகர் மாதிரி ஒரு பெரிய ஊர். தேக்கடிக்குச் சொந்தக் கதை இருக்கிறது. அதுவும் எப்பேர்ப்பட்ட கதை!

கட்டப்பனைக்கு அருகே காஞ்சியாறு பக்கம் கோவில்மலை என்று ஓர் இடம். கோழிமலை என்றும் சொல்வார்கள். அங்கே மன்னான் பழங்குடி மக்களுக்கு இன்றைக்கும் ஒரு ராஜா உண்டு. இப்போதிருக்கும் ராமன் ராஜமன்னான் 2025 குடியரசு தின விழாவுக்கு டெல்லிக்கு அழைக்கப்பட்டபோது செய்தித்தாள்களில் படம் வந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. அவர்கள் பேச்சும் தமிழுக்குப் பக்கத்துப் பேச்சுதான். காலாவூட்டு என்ற விழாவில் அவர்கள் ஒரு கூத்து ஆடுவார்கள். அந்தக் கூத்தில் வருவது கோவலன் கண்ணகி கதை.

கோவலன் கண்ணகி! மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறிய அதே கண்ணகி. குமுளிக்கு மேலே, எல்லையில், காட்டுக்குள் இருக்கிற மங்கலதேவி கோட்டத்தை கண்ணகி கோயில் என்று தேனி மாவட்டத்தில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும், தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஆட்களை விடுவார்கள். மற்ற 364 நாளும் அது புலிகள் காப்பகத்துக்குள் பூட்டிய காடு.

இங்கேதான் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி மறந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காண்டம் எப்படித் தொடங்குகிறது? மலையில் வேங்கை மரத்தடியில் நின்ற ஒரு பெண்ணை, விமானத்தில் கணவன் வந்து அழைத்துப் போனதைக் குறவர்கள் பார்க்கிறார்கள். பார்த்ததும் அவளைத் தெய்வமாக வைத்துக் குரவை ஆடுகிறார்கள். கண்ணகிக்கு நடந்த முதல் வழிபாடு ஒரு மலைவாசி நடனம்.

அடுத்த காட்சி இன்னும் சுவாரசியம். சேரன் செங்குட்டுவன் மனைவியோடும் பரிவாரத்தோடும் மலைவளம் பார்க்கக் கிளம்பி வருகிறான். போர் இல்லை, வேட்டை இல்லை, சும்மா இயற்கைக் காட்சி பார்க்க. இன்றைய பாஷையில் சொன்னால் டூர்! வந்து தங்கிய இடம் பேரியாற்று மணற்கரை. அங்கே உட்கார்ந்திருக்கையில் மலையிலிருந்து குரவை ஒலியும் பாட்டும் அருவிச் சத்தத்தோடு கலந்து கேட்கிறது. மலைமக்கள் யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன் என்று காணிக்கைகளைச் சுமந்து வருகிறார்கள். அந்தப் பட்டியலில் ஏலமும் உண்டு. (அப்போதே ஏலக்காய் கிஃப்ட் பாக்கெட்!) கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை. காட்டில் தாங்கள் பார்த்த அந்தப் பெண்ணைப் பற்றி ராஜாவிடம் சொல்கிறார்கள். அவன் காது கொடுத்துக் கேட்கிறான். உடனிருந்த சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொல்லிக் கதையைச் சேர்க்கிறார். அதற்குப் பிறகுதான் இமயத்திலிருந்து கல், கங்கையில் நீராட்டு, பத்தினிக் கோட்டம் எல்லாம்.

பேரியாறு, ஏலம், மலை நடனம், பார்க்க வந்த விருந்தாளி. எல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. அன்றைக்கு மலையில் இருந்தவர்கள் தங்கள் செய்தியைத் தாங்களே சொன்னார்கள், வந்தவன் கேட்டான். இன்றைக்கு அந்த ஒன்று மட்டும் இல்லை.

படகில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதில் என்ன சொல்லப்படுகிறது? பெரும்பாலும் "அதோ காட்டெருமை". தண்ணீருக்கு நடுவே கறுத்து நிற்கும் மரக்கட்டைகளை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். ஏன் ஏரிக்கு நடுவில் மரம் நிற்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. அது இயற்கை ஏரியே இல்லை. 1886இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 வருஷத்துக்கு ஒரு குத்தகை ஒப்பந்தம், 8000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். பென்னிகுக் முன்னின்று 1895இல் அணை முடிந்தது, காடு மூழ்கியது. அந்தக் காட்டின் மிச்சம்தான் அந்தக் கட்டைகள். படகு மிதக்கிற அதே தண்ணீர்தான் சுரங்கம் வழியாக இறங்கி கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாகிறது, மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறது. 1970இல் குத்தகையைத் திருத்தியபோது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. இந்தத் தண்ணீருக்காக 2011 டிசம்பரில் குமுளி எல்லையே கொந்தளித்தது. இவ்வளவும் படகுக்கு அடியில் கிடக்கிறது. யானை தெரியாத நாளிலாவது இதைச் சொல்லலாம்.

இதே ஏரியில்தான் 2009 செப்டம்பர் 30 மாலை 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். வாங்கி ஓடவிட்டு வெகுநாள் ஆகாத புதுப் படகு அது. விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும், அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும் அப்போது பேசப்பட்டன. செத்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லிக் கண்டிப்பு வந்தது. இன்றைக்கும் அதை வியர்க்கிறது என்று கழற்றப் பார்ப்பவர்களுக்கு ஏன் போடச் சொல்கிறார்கள் என்பது தெரியாது.

மலையின் ஆட்கள் மேடைக்கே வரவில்லை என்று சொன்னால் அதுவும் நியாயமில்லை. பெரியார் புலிகள் காப்பகத்தின் சூழல் சுற்றுலாத் திட்டத்தில் மன்னான்குடிக்குள் கூட்டிப்போய்க் காட்டும் நடை உண்டு. பளியர்கள் ஆடும் நடன நிகழ்ச்சியும் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் குமுளித் தெருவில் கதகளிக்கும் களரிக்கும் கண்ணைப் பறிக்கும் போர்டு. பளியர் ஆட்டத்தைப் பற்றி, டூர் போய் வந்த பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, அப்படியென்றால் மன்னான் கூத்தையும் பிடித்து இழுத்து மேடையில் ஏற்றி ஒரு மணி நேர டிக்கெட் போட்டுவிடலாமா? அங்கேதான் ஸெமா கதை எச்சரிக்கிறது. ஒரு சமூகம் தன் சாமிக்கு ஆடுவதை, சாமி இல்லாத இடத்தில், சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்களுக்கு ஆட வைப்பது மரியாதை ஆகாது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது, எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி என்பதை ஆடுகிறவர்கள் சொல்ல வேண்டும். ஹோட்டல் முதலாளி சொல்லக் கூடாது. "இது வெளியாளுக்கு இல்லை" என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். காட்டச் சம்மதித்தால், அதற்குக் கதகளிக்குக் கொடுக்கிற காசைவிட ஒரு பைசா குறையக் கூடாது. பழங்குடி நடனம் என்றாலே இலவச இணைப்பு என்று ஒரு பழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது. மந்திரி வந்தால் ஆடச் சொல்வது, காட்டேஜ் திறந்தால் ஆடச் சொல்வது, கடைசியில் ஒரு சால்வை.

இதையெல்லாம் போடிக்காரர்கள் ஏன் யோசிக்க வேண்டும் என்றால், அடுத்த டூரிஸ்ட் ஊர் போடியாகத்தான் இருக்கும். 2010இன் கடைசியில் நின்றுபோன மதுரை - போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூன் 15 அன்று போடிக்குத் திரும்பி வந்தது. சென்னையிலிருந்தே இப்போது போடிக்கு ரயில் இருக்கிறது. இறங்கும் கூட்டம் நேராக போடிமெட்டு ஏறி மூணாறு போய்விடுகிறது. என்றைக்காவது ஒரு நாள் "நாமும் மாலையில் ஒரு கலை நிகழ்ச்சி போடலாமே" என்று யாராவது கிளம்புவார்கள். அப்போது என்ன மேடை ஏறும்? பழக்கப்படி பார்த்தால் எங்கிருந்தோ வந்த கரகாட்டம் கொஞ்சம், பொய்க்கால் குதிரை கொஞ்சம், நடுவில் சினிமாப் பாட்டு. போடிக் கப்பல்!

ஆனால் போடி ஜமீன் ராஜகம்பளத்து நாயக்கர் மரபில் வந்தது. அந்தச் சமூகத்தின் ஆட்டம் தேவராட்டம். பாட்டே கிடையாது. உறுமி பேசும், கையில் துணி வீசியபடி கால் பதில் சொல்லும். கல்யாண வீட்டிலும் ஜக்கம்மாள் வழிபாட்டிலும் ஆடியதை இன்றைக்குக் கல்லூரி விழாவில் எல்லோரும் ஆடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் கல்லூரி மேடையில் ஆடுகிற பையனுக்கு அது யாருடையது, எதற்கு ஆடியது என்று தெரிகிறதா? தெரியாவிட்டால் அவனும் கப்பலில் ஐந்து நிமிடம் சுழன்றுவிட்டுப் போகிறவன் மாதிரிதான்.

இன்னொரு கூட்டமும் உண்டு. டூர் பஸ் மலையேறும் அதே விடியற்காலையில், அதே ரோட்டில், ஜீப்புகள் முந்திக்கொண்டு போகும். உள்ளே தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்திலிருந்து தினமும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்த் திரும்புகிறவர்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்தாலும் காய் காய்ப்பது அடியில், தரையோடு படர்ந்த சரத்தில். ஆகவே நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்க வேண்டும். அட்டை கடிக்கும், மழை நிற்காது. இவர்களைக் காட்சிப்பொருளாக்கச் சொல்லவில்லை. ஜீப்பில் போகிறவர்களை ஜன்னல் வழியாகப் போட்டோ எடுப்பது அசிங்கம். ஆனால் கடைத்தெருவில் பச்சை ஏலக்காயை முகர்ந்து பார்த்து "எட்டு மில்லியா" என்று கேட்கிறவருக்கு, அது யார் கையால் வந்தது என்று கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

குமுளிக்குப் போகிறவர்கள் கதகளி பார்க்கட்டும். முன்கூட்டியே போய் ஒப்பனை போடுவதையும் பார்க்கட்டும், ஆடியவரிடம் எந்த ஊர் என்று கேட்கட்டும். பளியர் ஆட்டத்தைப் பற்றி வனத்துறை கவுன்டரில் விசாரிக்கட்டும். பத்துப் பேர் தொடர்ந்து விசாரித்தால் பதினோராவது ஆளுக்கு போர்டு வைப்பார்கள். படகில் அறிவிப்பு செய்கிறவரிடம் மரக்கட்டையைக் காட்டிக் கதை கேட்கட்டும், பலருக்குத் தெரிந்துதான் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை.

சித்ரா பௌர்ணமி அன்று கோட்டத்துக்குக் குமுளியிலிருந்து ஜீப் போகும். தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். ஊர்ப் பெயரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். செங்குத்தான ஏற்றம், காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடச் சொல்வார்கள்.